மொழி வகுப்பில் பிள்ளைகள் தாமாகக் கற்க: ஆங்கில ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்கள் ஒன்றுகூடும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: நாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்காமல், பிள்ளைகள் தாமே முயன்று மொழியைக் கற்கும் நிலைக்கு அவர்களை எப்படிக் கொண்டுவருவது? தமிழ்வழி வகுப்புகளை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

தாமாகக் கற்பது என்றால் தனியாக உட்கார்ந்து படிப்பதா?

இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து நோட்ஸை மனப்பாடம் செய்கிற பிள்ளை தானாகக் கற்கவில்லை. எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது, படித்தது போதுமா என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளை அதை நிறைவேற்றுகிறது, அவ்வளவுதான்.

பிரான்சில் நான்சி நகரப் பல்கலைக்கழகத்தில் மொழி கற்றலை ஆராய்ந்த ஆன்றி ஓலெக், ஐரோப்பிய மன்றத்துக்காக எழுதிய அறிக்கை 1981-ல் நூலாக வந்தது. தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்கும் திறன் என்று இதை அவர் விளக்கினார். என்ன இலக்கு, எந்தப் பாடப்பொருள், எந்த முறை, எப்படிக் கண்காணிப்பது, கடைசியில் எப்படி மதிப்பிடுவது என்ற முடிவுகளெல்லாம் அந்தப் பொறுப்பில் அடக்கம். அவர் இன்னொன்றும் சொன்னார்: இது பிறவியிலேயே வருவதில்லை, கற்றுத்தான் பெற வேண்டும். நமக்கு வேண்டிய சேதி இதுதான். "எங்க பிள்ளைங்க பொறுப்பில்லாம இருக்காங்க, இவங்ககிட்ட எப்படி விடறது" என்று காத்திருந்தால் ஒருநாளும் விட முடியாது. விட்டுப் பழக்கித்தான் பொறுப்பு வரும்.

எட்டாம் வகுப்பில் ஒரு பீரியட் முழுவதும் பிள்ளைகள் கேட்பதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். "மிஸ், புதுப் பக்கத்துல எழுதணுமா?" "மிஸ், இங்க கோடு போடலாமா?" "மிஸ், இது சரியா?" இந்த மூன்றாவது கேள்வியைத்தான் நாம் மாற்ற வேண்டும். "மிஸ், இது நேத்து நடந்ததுதானே, அப்போ வென்ட்னுதானே வரணும்?" என்று கேட்கிற பிள்ளை பாதித் தூரம் வந்துவிட்டது.

பிள்ளைகளிடமே விட்டுவிட்டால் ஆசிரியருக்கு என்ன வேலை?

வேலை கூடும். குறிப்பாக முதல் சில மாதங்களில். எந்த முடிவை எப்போது பிள்ளையிடம் கொடுப்பது, கொடுத்த பிறகு தடுமாறினால் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்பதை நீங்கள்தான் கணிக்க வேண்டும். "நீங்களே படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மேசையில் மார்க் பதிவேட்டை நிரப்புவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே நாளில் மொத்தமாக விட்டால், நன்றாகப் படிக்கிற ஐந்து பேர் மட்டும் மேலே போவார்கள். மற்றவர்கள் பின்தங்கிவிடுவார்கள்.

மற்ற பாடங்களைவிட மொழிக்கு இது ஏன் முக்கியம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பீரியட் 40 நிமிடம், வகுப்பில் 40 பேர். நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எல்லா நேரத்தையும் பிள்ளைகளுக்கே கொடுத்தாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் ஆங்கிலம் பேச முடியும். மொழியோ பேசிப் பேசி, வாசித்து வாசித்து வருவது. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு வகுப்பை விட்டு வெளியே வந்தால் ஆங்கிலம் பேச ஆள் கிடையாது. ஆகவே வகுப்புக்கு வெளியே தானாக ஆங்கிலத்தைத் தேடிப்போகிற பழக்கம் வந்தால்தான் உண்டு. அந்தப் பழக்கத்தை வகுப்பிலேயே தொடங்கிவைக்க வேண்டும்.

இதெல்லாம் இருபது பிள்ளைகள் உள்ள வெளிநாட்டு வகுப்புக்குத்தானே?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம்மூர் அனுபவத்தையும் மறந்துவிடக் கூடாது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டைமுறையைப் பார்த்துத்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. 2007-ல் அது தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. சுவரில் கற்றல் ஏணி இருக்கும். தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்து எந்த அட்டையை எடுக்க வேண்டும் என்று பிள்ளையே பார்த்து எடுத்துக்கொண்டு போய் உட்காரும். பிள்ளைகள் எட்டி எழுதும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை இருக்கும், அதில் ஆளுக்கொரு இடம். ஆறாம் வகுப்புக்கு மேல் படைப்பாற்றல் கல்வி என்ற பெயரில் மன வரைபடமும் குழு வேலையும் வந்தன.

நடைமுறையில் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, பல இடங்களில் ஏணி வெறும் அலங்காரமாகிப்போனது. இருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளை தன் வேலையைத் தானே தேடி எடுக்கும் என்பதை நம் பள்ளிகளிலேயே கண்ணால் பார்த்திருக்கிறோம். ஏழு வயதில் முடிந்தது பதின்மூன்று வயதில் முடியாமல் போகாது. தொடக்கப் பள்ளியில் கொடுத்த சுதந்திரத்தை நடுநிலைப் பள்ளியில் நாம்தான் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்பது என் எண்ணம்.

சரி, எங்கே தொடங்குவது?

சின்னதாக. வீட்டுப்பாடத்தில் தொடங்குங்கள். ஒன்றுக்குப் பதில் இரண்டு வேலை கொடுத்து, ஏதாவது ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். பாடத்தில் வந்த பாத்திரத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதலாம், அல்லது அந்தப் பாத்திரம் தன் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தை எழுதலாம். மறுநாள் ஒரே ஒரு கேள்வி: "நீ ஏன் இதை எடுத்தே?" முதலில் "சும்மா", "சின்னதா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். சிரிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். நாலைந்து வாரத்தில், "எனக்குக் கடிதம் எழுத வராது, அதான் பழகலாம்னு" என்று ஒரு குரல் வரும்.

அப்புறம் ஒரு வகுப்பு விதி. சந்தேகம் வந்தால் முதலில் பாடப் புத்தகத்தைப் பார், பிறகு பக்கத்தில் இருப்பவரைக் கேள், பிறகு அகராதியைப் பார், கடைசியில் என்னிடம் வா. வரும்போது முதல் மூன்றிலும் என்ன கிடைத்தது என்று சொல்ல வேண்டும். இந்த விதியை முதலில் மீறப்போவது நாம்தான். பிள்ளை கேட்டவுடன் பதில் நாக்கு நுனியில் வந்து நிற்கும், அதை அடக்குவதே பெரும்பாடு.

நோட்டுத் திருத்துவதில் என்ன மாற்றம் செய்யலாம்?

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம் இங்கேதான். சிவப்பு மையில் சரியான விடையை நாம் எழுதிக்கொடுத்தால், அந்த நோட்டில் மூளையை உழைக்கவிட்டது நாம்தான். பிள்ளை மார்க்கைப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடும்.

மாற்றாக மூன்று குறிகள் போதும். வட்டம் என்றால் எழுத்துப்பிழை. அடிக்கோடு என்றால் வினைச்சொல்லில் ஏதோ சரியில்லை. வரிக்கு நடுவே சின்னக் கூரை போட்டால் அங்கே ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளைகளே இந்தப் பட்டியலை எழுதி ஒட்டிக்கொள்ளட்டும்.

ஒரு பிள்ளை, 'எஸ்டர்டே மை ஃபாதர் கோ டு மார்க்கெட் அண்ட் பை எ ஃபிஷ்' என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'கோ', 'பை' இரண்டின் கீழும் கோடு போடுங்கள். விடையை எழுதாதீர்கள். வாக்கியம் 'எஸ்டர்டே' என்று தொடங்குகிறது, ஆக விடைக்கான துப்பு பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. 'வென்ட்' பெரும்பாலும் உடனே வந்துவிடும், பலமுறை கேட்ட சொல். 'பை' அப்படியில்லை, 'பைட்' என்று திருத்தும் பிள்ளைகள் நிறைய. அதுவும் நல்லதுதான், இறந்தகாலத்துக்குச் சொல் மாறும் என்ற விதி பிடிபட்டிருக்கிறது. பாடப் புத்தகத்திலோ அகராதியிலோ பார்த்து 'பாட்' என்று கண்டுபிடிக்கட்டும். மார்க்கெட்டுக்கு முன்னால் 'த' விட்டுப்போயிருக்கிறது. இந்த வாரம் காலப்பிழை மட்டும் பார்க்கிறோம் என்றால் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். ஒரே பக்கத்தில் பதினைந்து குறி போட்டால் பிள்ளை நோட்டைத் திறக்கவே பயப்படும்.

சில வாரம் கழித்துக் குறியைச் சொல்லுக்கு அடியில் போடாமல், அந்த வரியின் ஓரத்தில் மட்டும் போடுங்கள். எந்தச் சொல் என்று பிள்ளை தேடட்டும். அதற்கும் பிறகு, "இந்தப் பத்தியில் வினைச்சொல் பிழை மூன்று" என்று கீழே எழுதினால் போதும். இப்படிப் படிப்படியாக உங்கள் கையை எடுத்துக்கொண்டே வர வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை 'நான் அடிக்கடி விடும் பிழைகள்' என்று ஒதுக்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வரும் பிழையைப் பிள்ளையே அங்கே எழுதும். நோட்டை உங்களிடம் வைக்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை வாசிக்க வேண்டும். ஒருவருக்கு 'எஸ்' விட்டுப்போகும், இன்னொருவருக்கு முற்றுப்புள்ளியே வராது. நாற்பது பேருக்கும் ஒரே அறிவுரை சொல்வதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் சிவப்பு மையைக் கேட்கிறார்களே?

முதல் பக்கத்தில் குறிப்பட்டியல் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். பிள்ளை திருத்தியதை வேறு வண்ண மையில் எழுதச் சொல்லுங்கள். திருத்தம் நடந்திருக்கிறது, யார் திருத்தினார்கள் என்பதும் தெரிகிறது. பெற்றோர் கேட்டாலும் இதையே காட்டலாம்.

அகராதி கொடுத்தால் புரட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

புரட்டுவதையும் பாடமாக நடத்த வேண்டும். அகரவரிசையில் இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து பார்ப்பது பல பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படவே இல்லை. வாரத்துக்கு ஒருநாள் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அதைவிடச் சிக்கல் சரியான பொருளைத் தேர்ந்தெடுப்பது. 'பேங்க்' என்றால் வங்கியும் உண்டு, ஆற்றங்கரையும் உண்டு. முதலில் இருப்பதை எடுத்துப் போட்டு, ஆடு வங்கியில் மேய்ந்தது என்று எழுதுவார்கள். அதனால் அகராதியைத் திறக்கும் முன்பே, 'இந்த இடத்தில் என்ன பொருள் வரலாம்?' என்று பென்சிலால் ஊகித்து எழுதவைத்துவிடுங்கள். ஊகத்தோடு போகிற பிள்ளை அகராதியில் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தே தேடும். எல்லாச் சொல்லுக்கும் பார்க்கவும் வேண்டாம், கதை புரிகிறதா, அடுத்த பத்திக்குப் போகலாம்.

கற்றல் நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார்களே, அதில் என்ன எழுதுவது?

டென்மார்க்கில் கோப்பன்ஹேகனுக்குத் தெற்கே கார்ல்ஸ்லுண்ட என்ற ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் நடத்திய லெனி டாம், 1970-களிலிருந்து பல ஆண்டுகள் இதைச் செய்துகாட்டினார். அவரிடம் இருந்ததும் எல்லாத் தரப் பிள்ளைகளும் கலந்த சாதாரண வகுப்புதான், பள்ளியே சலித்துப்போன பதின்ம வயதுப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஒவ்வொருவரும் கோடில்லாத நோட்டு ஒன்றில் இன்று என்ன செய்தேன், எப்படிப் போனது, அடுத்து என்ன என்று எழுதினார்கள். வகுப்பு சேர்ந்து எடுத்த முடிவுகள் சுவரில் சுவரொட்டிகளாக இருந்தன.

நமக்கு இவ்வளவு போதும்:

'இன்று மூன்றாம் பாடக் கதையை இரண்டு பத்தி நானே வாசித்தேன். தெரியாத சொல் ஆறு. நாலு ஊகித்தேன், அதில் ஒன்று தப்பு. "அல்தோ" எங்கே போடணும் என்று தெரியவில்லை. நாளைக்கு அதைக் கேட்கணும்.'

மூன்று நிமிட வேலை. தமிழில் எழுதட்டும், பிறகு மெல்ல ஆங்கிலம் கலக்கட்டும். 'இன்று பாடம் நன்றாக இருந்தது' என்று மட்டும் வந்தால், 'எந்த இடம்?' என்று ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். மார்க் போடாதீர்கள். மார்க் போட்டால் உங்களுக்குப் பிடித்ததை எழுதத் தொடங்கிவிடுவார்கள். எல்லா நோட்டையும் தினமும் பார்க்கத் தேவையில்லை, நாளைக்கு எட்டுப் பேர் என்று சுற்றில் பார்த்தால் வாரத்தில் நாற்பதும் முடிந்துவிடும்.

வகுப்பில் தமிழ் பேச விடலாமா?

விடலாம். எப்படிப் படித்தேன், எங்கே சிக்கினேன் என்று யோசிப்பதற்குத் தெரிந்த மொழி வேண்டும். அதை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்றால் பிள்ளை யோசிப்பதையே விட்டுவிடும். குழுவில் தமிழில் விவாதிக்கலாம், வகுப்பின் முன் வைக்கும் முடிவு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

மெல்லக் கற்போரை என்ன செய்வது?

இவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலோ டியூஷனிலோ யாராவது இருப்பார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு வகுப்பு தவிர வேறு போக்கிடம் இல்லை.

அவர்களுக்குக் கொடுக்கும் தேர்வு இன்னும் சின்னதாக இருக்கட்டும். பத்துச் சொற்களைக் காட்டி, "இதில் எந்த அஞ்சை வெள்ளிக்கிழமைக்குள் படிப்பே? நீயே வட்டம் போடு." வெள்ளிக்கிழமை அந்த ஐந்தை மட்டும் கேளுங்கள். தான் தேர்ந்தெடுத்து, தானே படித்து, ஐந்துக்கு நாலு சரியாகச் சொன்ன பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். நாம் திணித்த இருபதில் நாலு சொல்வதும் இதுவும் ஒன்றல்ல. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்ப்பதும், பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கத்தான்.

எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளையையே குழுத் தலைவராக்காதீர்கள். அவர் வேலையைச் செய்துவிடுவார், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: ஒருவர் வாசிக்க, ஒருவர் அகராதி பார்க்க, ஒருவர் எழுத, ஒருவர் சொல்ல. வாரம் மாறினால் வேலையும் மாற வேண்டும்.

போர்ஷன் முடிக்கணும், பத்தாம் வகுப்பு ரிசல்ட் காட்டணும். நேரம் எங்கே?

நியாயமான கவலை. ஆனால் பொதுத்தேர்வு வினாத்தாளை எடுத்து, எதை மனப்பாடத்தால் எழுத முடியும், எதை முடியாது என்று பிரித்துப் பாருங்கள். புதிதாகத் தரும் பத்தியை வாசித்து விடை எழுதுவது, படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதுவது, இலக்கண வினாக்கள் எதற்கும் நோட்ஸ் கைகொடுக்காது. கடிதத்தையும் மனப்பாடம் செய்து வருகிறவர்கள், தலைப்பு கொஞ்சம் மாறினாலும் பழைய கடிதத்தையே எழுதிவைக்கிறார்கள். கடிதத்தின் அமைப்பைக் கொடுத்து, உள்ளே வரும் விவரங்களைப் பிள்ளையே மாற்றி எழுதப் பழக்குவதற்கு ஆகும் நேரம், மூன்று கடிதங்களை மனப்பாடம் செய்யவைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

ஸ்லிப் டெஸ்ட் தாளைத் திருப்பிக் கொடுத்ததும் ஐந்து நிமிடம் விடுங்கள். எந்தப் பகுதியில் எத்தனை மார்க் போனது என்று பிள்ளையே எழுதட்டும். அடுத்த இரண்டு வாரம் எதில் கவனம் என்பதையும் அதுவே முடிவு செய்யட்டும். சிலர் ஏற்கெனவே நன்றாக வருவதையே தேர்ந்தெடுப்பார்கள். அப்போது பேசிப் புரியவையுங்கள், மாற்றி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

மதிப்பீட்டையும் பிள்ளையிடம் கொடுக்கலாமா?

ஒரு பகுதியைக் கொடுக்கலாம். 2012-13-ல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செயல்பாடுகளை வைத்துப் பார்ப்பது) 40, தொகுத்தறிக்கு (பருவ முடிவில் வைக்கும் தேர்வு) 60 என்று வைத்தார்கள். அந்த வளரறிச் செயல்பாடுகள் இதற்கு நல்ல இடம். 'என்னால் முடியும்' வாக்கியங்களில் தொடங்குங்கள். 2001-ல் ஐரோப்பிய மன்றம் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம் இப்படித்தான் பேசுகிறது. 'என் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் பார்க்காமல் சொல்ல முடியும்', 'பஸ் நிலையத்தில் ஆங்கில அறிவிப்புப் பலகையை வாசிக்க முடியும்' என்று உங்கள் ஊருக்கேற்ப எழுதுங்கள். முடியும், உதவியோடு முடியும், இன்னும் முடியாது என்ற மூன்றில் ஒன்றைப் பிள்ளை குறிக்கும். "முடியும்னு போட்டிருக்கே, சொல்லு பார்க்கலாம்" என்று இடையிடையே கேட்டால் போதும், பொய் தானாகக் குறையும்.

பாடப் புத்தகம் தவிர வாசிக்க என்ன கொடுப்பது?

பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் கதைகள் இலவசம், நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அச்செடுத்துத் தைத்து ஒரு பெட்டியில் போடலாம். நம் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023-ல் தமிழில் கொண்டுவந்த சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்தன. அவற்றைக் கையாண்டு பழகிய பிள்ளைக்குத் தன் நிலை எது என்று தேர்வது புதிதாக இருக்காது.

ஒன்றை மட்டும் காப்பாற்றுங்கள்: எடுத்த புத்தகம் பிடிக்கவில்லை என்றால் பாதியில் வைத்துவிட்டு வேறு எடுக்கலாம். முடிவில் கேள்வி-பதில் வேண்டாம்.

செல்போனில் மொழிபெயர்த்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது.

தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம். முதலில் நீயே எழுது, அப்புறம் கருவியிடம் கேள். இரண்டையும் கொண்டு வா. எங்கே மாறியிருக்கிறது, ஏன் மாறியது என்று இரண்டு இடத்தையாவது சொல்ல வேண்டும். சொல்ல முடியாத திருத்தத்தை ஏற்றுக்கொள்ளாதே. முக்கியமான எழுத்து வேலையை வகுப்பிலேயே வையுங்கள். பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தால்தான் கையில் கிடைக்கும். ஆகவே போன் இருந்தால்தான் செய்ய முடியும் என்கிற வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள்.

வகுப்பில் சத்தம் அதிகமாகிறது.

ஆகும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கை தூக்கினால் அமைதி என்ற ஒரு சைகையை முதல் வாரத்திலேயே பழக்குங்கள்.

அடுத்த வருடம் வேறு ஆசிரியர் வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா?

கொஞ்சம் ஆகலாம். ஆனால் பிழைப் பட்டியலும் நாட்குறிப்பும் பிள்ளையிடம்தான் இருக்கின்றன. ஏப்ரலில் அவற்றைத் தூக்கிப்போடாமல் புது நோட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜூன் முதல் வாரத்தில் புதிதாக வரும் ஆசிரியரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து நாலைந்து பிள்ளைகளின் நோட்டைக் காட்டுங்கள். எல்லாவற்றையும் அவர் தொடர வேண்டியதில்லை. திருத்தும்போது அந்த மூன்று குறிகளை மட்டும் அவரும் பயன்படுத்தினால், பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.